அடிச்சாம்பல் சரி, எந்த அடிச்சாம்பல்? தானியப் பயிர்களில் கிருமியை அறிகுறி பார்த்து இனம் பிரிக்கும் வழி

சாம்பல் நோய் வேறு, அடிச்சாம்பல் நோய் வேறு. 'அடி' என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிடுவதால் வயலில் வரும் நட்டம் பெரிது. "மக்காச்சோளத்துல சாம்பல் விழுந்திருக்கு" என்று மருந்துக்கடையில் சொன்னால் நனையும் கந்தகமோ கார்பென்டாசிமோ கைக்கு வரும். இரண்டும் சாம்பல் நோய்க்குக் கேட்கும், அடிச்சாம்பலுக்குக் கேட்காது. அடிச்சாம்பல் கிருமிகள் உண்மையான பூசணங்களே அல்ல. செல் சுவரில் செல்லுலோஸ் கொண்ட ஊமைசீட் கூட்டத்தைச் சேர்ந்தவை. உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகல் கிருமிக்கு உறவுக்காரர்கள். உயிருள்ள செடியில் மட்டுமே வளரும். அகார் ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் வேறு ஏதோ பூசணம்தான் முளைத்து வரும். வழக்கம் கருதி இங்கும் பூசணம் என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

அடிச்சாம்பல்தான் என்று உறுதியான பிறகும் பாதி வேலை மிச்சம் இருக்கிறது. நம் தானியப் பயிர்களில் முக்கியமான பேரினங்கள் மூன்று: பெரோனோஸ்கிளிரோஸ்போரா, ஸ்கிளிரோஸ்போரா, ஸ்கிளிரோப்தோரா. முதலாவது இரவுக் காற்றில் செடிக்குச் செடி தாவும். மூன்றாவது தேங்கிய தண்ணீரில் பரவும். ஒன்றுக்கு விதைநேர்த்தி, இன்னொன்றுக்கு வடிகால் என்று மருந்தே மாறிப்போவதால், பெயர் சரியாகத் தெரிந்தாக வேண்டும்.

இலையில் வெளிர்கோடு இருக்கிறது, அடியில் பூசணம் இல்லை

அதிகம் வரும் சிக்கல் இதுதான். காரணமும் பெரும்பாலும் போன நேரம் தப்பு என்பதுதான். வெண்பூசணம் இரவில் உருவாகிறது. நள்ளிரவு தாண்டி விடியலுக்குள் வித்துகள் முதிர்ந்து உதிர்ந்துவிடும். பெரோனோஸ்கிளிரோஸ்போராவில் அவை விசையோடு தெறிக்கும். பிலிப்பைன்ஸ் மக்காச்சோள வயல்களில் இந்த இரவுக் கணக்கை 1920-களின் தொடக்கத்திலேயே வில்லியம் வெஸ்டன் விரிவாக எழுதிவைத்தார். வெயில் ஏறியபின் மிச்சமிருக்கும் காம்புகள் சுருங்கி இலையோடு ஒட்டிவிடும். பத்து மணிக்கு வயலில் இறங்குபவருக்கு மஞ்சள் கோடு மட்டும்தான் கிடைக்கும்.

விடிகாலை ஐந்து மணிக்குப் போங்கள். டார்ச்சை இலையின் அடிப்பக்கத்தில் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். வெளிறிய பகுதியில் மட்டும் பனி பூத்ததுபோல ஒரு வெண்மை தெரியும். பச்சைப் பகுதி தொடங்கும் இடத்தில் கோடு கிழித்ததுபோல நின்றுவிடும். 10 மடங்கு கைலென்ஸில் அந்த வெண்மை குட்டிமரக் காடாகப் பிரியும்: ஒவ்வொரு காம்பும் இரண்டிரண்டாகக் கிளைத்து, கிளை நுனிகளில் கண்ணாடி மணிபோல ஒவ்வொரு வித்து. பலத்த நோயில் மேல்புறத்திலும் பூக்கும் என்பதால் அடிப்பக்கம் மட்டும் பார்த்தால் போதும் என்று இருக்க வேண்டாம்.

விடியலில் போக வழியில்லையென்றால் பூசணத்தை நாமே வரவழைக்கலாம். பகல் முழுக்க வெயில் பட்ட செடியிலிருந்து மாலையில் இலையை எடுங்கள். அழுக்கும் பழைய பூசணமும் போக ஈரப்பஞ்சால் இருபுறமும் துடைத்து, 5 முதல் 8 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். மூடியுள்ள தட்டில் ஈர வடிதாளை விரித்து, அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி வைத்து மூடி, 18 முதல் 20 டிகிரி இருட்டில் 6 முதல் 8 மணி நேரம் விடுங்கள். குளிரூட்டி வசதி இல்லாத இடத்தில், தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள் தட்டை வைத்து மேலே ஈரத்துணி போட்டால் குளிர்ச்சியான இரவில் வேலை நடக்கும்.

அப்படியும் வரவில்லையென்றால் மூன்றைச் சரிபாருங்கள். இலை முந்தைய பகல் முழுதும் இருட்டிலோ பையிலோ கிடந்ததா? உள்ளே சர்க்கரை இருப்பில்லாத இலையில் பூசணம் வராது. இலைமேல் தண்ணீர் படலமாக நின்றதா? ஈரக்காற்று போதும், நீர் நின்றால் காம்பு எழும்பாது. பழுப்பேறிய பழைய இலையா? குருத்துக்கு அடுத்த இரண்டாவது, மூன்றாவது இலையில் புதிதாக வெளிறிய பகுதியை எடுங்கள்.

மூன்றும் சரியாக இருந்து, இரண்டு இரவு முயன்றும் ஒன்றும் வரவில்லையா? அடிச்சாம்பலைத் தள்ளிவைத்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். மக்காச்சோளத்தில் துத்தநாகக் குறை நடுநரம்பின் இருபக்கமும் ஒரேமாதிரி அகன்ற வெண்பட்டையாக, இலையின் கீழ்ப்பாதியில் வரும். மக்னீசியக் குறை கீழ் இலையில் தொடங்கும். நச்சுயிரி தேமலில் பச்சைத் திட்டுகள் சிதறிக்கிடக்கும்; வெளிறலுக்கும் பச்சைக்கும் நடுவே ஓடும் கூரான எல்லை இருக்காது. பாக்டீரியக் கோடாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே நீர் கோத்து ஒளி ஊடுருவும். வெட்டிய விளிம்பைத் தெளிந்த நீரில் வைத்தால் பால்போன்ற கசிவு இறங்கும்.

இலையின் அடிப்பாதி மட்டும் வெளிறி, நுனி பச்சையாகவே இருக்கிறது

பாதி இலை அறிகுறி என்பது இதுதான். சோளத்திலும் மக்காச்சோளத்திலும் குருத்து வழியாகப் பரவிய நோய்க்கு இதைவிட நல்ல கள அடையாளம் கிடையாது. கிருமி குருத்துக்கு வந்துசேருமுன் உருவான நுனிப்பகுதி பச்சை. வந்தபின் உருவான அடிப்பகுதி வெளிறல். அதனால்தான் அடுத்தடுத்த இலையில் வெளிறல் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் இலை முழுவதும் வெளுக்கிறது. சத்துக்குறை எதுவும் இப்படி இலைக்கு இலை படியேறாது. ஒரே செடியில் வரிசையாக நான்கு இலைகளைக் கிள்ளித் தரையில் அடுக்கிப் பாருங்கள்; கண்ணுக்கு நேராகத் தெரியும்.

வித்து கிடைத்துவிட்டது, கொனிடியாவா, ஸ்போராஞ்சியமா?

பேரினம் இங்கேதான் பிரிகிறது. பெரோனோஸ்கிளிரோஸ்போராவின் வித்து கொனிடியா: நுனியில் திறப்பு கிடையாது, நேராக முளைக்குழாய் விடும். ஸ்கிளிரோஸ்போராவின் வித்து ஸ்போராஞ்சியம்: நுனியில் சிறு முலைக்காம்பு போன்ற மூடி இருக்கும், அது திறந்து, வால் கொண்ட நீந்தும் ஜூஸ்போர்கள் வெளியே வரும். வகைப்பாட்டு வரலாறே இந்த ஒரு வேறுபாட்டில் திரும்பியது. சோளத்தின் கிருமியை 1913-ல் குல்கர்னி, கம்பின் கிருமியான ஸ்கிளிரோஸ்போரா கிராமினிகோலாவின் ஒரு ரகமாகத்தான் வைத்தார். 1932-ல் வெஸ்டனும் உப்பலும் அதைத் தனிச் சிற்றினமாக்கினார்கள். 1978-ல் ஷா, முளைக்குழாய் விடும் இந்தச் சிற்றினங்களைப் பெரோனோஸ்கிளிரோஸ்போராவுக்கு மாற்றினார். பழைய நூல்களில் மக்காச்சோளக் கிருமி 'ஸ்கிளிரோஸ்போரா' என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

சோதனை எளிது. காய்ச்சி வடித்த நீரைக் குளிரவைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் வித்தைக் கொன்றுவிடும். நடுவில் குழியுள்ள கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு விட்டு, பூசணம் பூத்த இலையை அதன்மேல் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள். சில்லை ஈரத்தட்டில் வைத்து 20 டிகிரி அளவில் மூடி, அரைமணிக்கு ஒருமுறை மூன்று மணி நேரம்வரை பாருங்கள். கையில் வேறு வேலை இருந்தால் வித்துகளைப் பனிக்கட்டிக் குளிர்ச்சியுள்ள நீரில் சேகரித்துவையுங்கள். ஜூஸ்போர் வெளிவருவது தள்ளிப்போகும். சாதாரண அறை வெப்பத்துக்கு வந்ததும் தொடங்கும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, தாமதமாகப் பார்ப்பது. ஜூஸ்போர் கொஞ்ச நேரம் நீந்தி, வாலை இழந்து, உருண்டையாகி, பின் அதுவும் முளைக்குழாய் விடும். காலையில் வைத்துவிட்டு மதியம் பார்ப்பவர் முளைக்குழாயைக் கண்டு 'கொனிடியா' என்று எழுதிவிடுவார். அருகே வெற்றுக் கூடு கிடக்கிறதா என்று தேடுங்கள். நுனியில் ஓட்டையோடு, உள்ளே ஒன்றுமில்லாத கண்ணாடிக் கூடுகள் கிடந்தால் அவை ஸ்போராஞ்சியங்கள். முளைத்திருக்கும் சிறு உருண்டைகள் அவற்றிலிருந்து வந்தவை. கொனிடியாவில் முளைக்குழாய் பெரிய வித்தின் உடலிலிருந்தே நீளும்.

லாக்டோபீனால் நீலம் என்ற சாயத்தில் ஏற்றிய சில்லு அளவெடுக்க உதவும். முளைப்பைப் பார்க்க உதவாது, வித்து அதில் செத்துவிடும்.

சோள இலை நார்நாராகக் கிழிகிறது

காற்றில் கிழிந்த இலையும் நார்நாராகத்தான் தொங்கும். விரலை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நோயில் கிழிந்த இலையில் நரம்புகள் மட்டும் நாராக நிற்க, இடையில் இருந்த சதை பழுப்புத் தூளாக உதிர்ந்திருக்கும். அந்தத் தூளை ஒரு சொட்டு நீரில் தட்டி நுண்ணோக்கியில் வையுங்கள்: தேன்நிறத்தில், தடித்த சுவரோடு, உருண்டையான ஊஸ்போர்கள். சோளத்தின் கிருமியான பெரோனோஸ்கிளிரோஸ்போரா சோர்கையில் இவை பொதுவாக 31 முதல் 37 மைக்ரான். மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கி, அடுத்தடுத்த பருவத்தின் நாற்றைத் தாக்குபவை இவைதான்.

இலை கிழியுமுன் சோதிக்க வேண்டுமென்றால் பழுப்புக் கோடுள்ள 1 செ.மீ. துண்டை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, கொதிநீர்த் தொட்டியில் 10 நிமிடம் வைத்து, இருமுறை கழுவி, கவர்சில்லால் அழுத்துங்கள். கரைசல் தோலை அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஊஸ்போர் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. மக்காச்சோள இலையில் சோர்கை ஊஸ்போர் உருவாக்குவது அரிது. அதே கிருமி பக்கத்துச் சோளத்தில் கோடிக்கணக்கில் உருவாக்கும். கம்பில் வேறொரு காரணம் உண்டு. ஸ்கிளிரோஸ்போரா கிராமினிகோலாவில் இரு இணைவகைகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தால்தான் ஊஸ்போர் வரும்.

மக்காச்சோளத்தில் கொனிடியா; எந்தச் சிற்றினம்?

இது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. நுண்ணோக்கியை மட்டும் வைத்துப் பெயர் எழுதத் துணிய வேண்டாம். இனி வரும் பெயர்கள் எல்லாம் பெரோனோஸ்கிளிரோஸ்போராவின் சிற்றினங்கள். வடிவத்தில் தொடங்குங்கள். சோர்கையின் கொனிடியா உருண்டைக்கு நெருக்கம், நீளமும் அகலமும் சுமார் 15 முதல் 29 மைக்ரானுக்குள். பிலிப்பினென்சிஸில் நீள்முட்டை அல்லது உருளை, சுமார் 27 முதல் 39 நீளம், 17 முதல் 21 அகலம். கரும்பைத் தாக்கும் சக்காரியிலும் நீள்வட்டம்தான், 25 முதல் 41 நீளம், 15 முதல் 23 அகலம். இந்தக் கடைசி இரண்டும் அளவில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கவனியுங்கள். 1988-ல் நடந்த, நொதிகளின் வடிவங்களை ஒப்பிடும் ஐசோசைம் ஆய்வு இரண்டும் ஒரே சிற்றினமாக இருக்கலாம் என்றே காட்டியது. ஆகவே இவற்றை அளவுகோலால் பிரிக்கப் பார்ப்பது வீண்வேலை.

அடுத்தது இடமும் பயிரும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் மக்காச்சோளத்தைத் தாக்குவது பெரும்பாலும் சோர்கை. சோளத்தையும் சேர்த்தே தாக்கும். ராஜஸ்தானில் மக்காச்சோளத்தைத் தாக்கி, சோளத்தை விட்டுவிட்ட கிருமி நெடுநாள் சோர்கை என்றே எழுதப்பட்டது. ஊசிப்புல்லில் அது ஊஸ்போர் உருவாக்குவது தெரிந்தபின், 1980-ல் அதற்கு ஹெட்டெரோபோகோனி என்று தனிப்பெயர் வந்தது. ஜாவாவின் மேடிஸ், பிலிப்பைன்ஸின் பிலிப்பினென்சிஸ், தைவான் கரும்பில் முதலில் விவரிக்கப்பட்ட சக்காரி என்று ஒவ்வொன்றுக்கும் பூர்விகம் உண்டு. வயல் வரப்பைச் சுற்றிப் பாருங்கள்: சோளம், ஜான்சன் புல், ஊசிப்புல், பேய்க்கரும்பு இவற்றில் எதில் அதே வெளிறல் இருக்கிறது? நுண்ணோக்கி சொல்லாததைப் பல நேரம் வரப்புப் புல் சொல்லிவிடும்.

அளவெடுப்பில் தப்பு நடக்கும் இடங்கள் சில. 40 மடங்கு வில்லையில் கண்வில்லை அளவியின் ஒரு பிரிவு சுமார் 2.5 மைக்ரான் வரும் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். உங்கள் நுண்ணோக்கியை மேடை அளவியோடு பொருத்தி அளவிடுங்கள். வெயில் பட்டுச் சுருங்கிய வித்தை எண்ணாதீர்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிவதை மட்டும் பொறுக்காமல், பார்வைப்புலத்தில் வரிசையாக வரும் 50 வித்துகளை அளந்து, சிறியது, பெரியது, சராசரி மூன்றையும் எழுதுங்கள். இரவு வெப்பம் மாறினால் ஒரே கிருமியின் வித்தளவும் மாறும் என்பதால் அந்த இரவின் வெப்பத்தையும் குறித்துவையுங்கள்.

சிற்றினப் பெயர் கட்டாயம் தேவையென்றால் டிஎன்ஏ பரிசோதனைதான் வழி. மைட்டோகாண்டிரியாவின் காக்ஸ்2 மரபணுவையும் ரைபோசோமின் பெரிய துணை அலகுப் பகுதியையும் சேர்த்துக் கேளுங்கள். பூசணங்களுக்கு வழக்கமாகக் கேட்கும் ஐடிஎஸ் பகுதியை மட்டும் நம்பினால் இந்தப் பேரினத்தில் சிக்கல் வரும். தரவுத்தளத்தில் பயிர்ப்பெயரைப் பார்த்து ஒட்டப்பட்ட சிற்றினப் பெயர்களும் உண்டு. முதலில் வரும் பொருத்தத்தை அப்படியே எழுதிக்கொள்ளாமல், மூல மாதிரிகளோடு வைத்து மரபுவழி மரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரியை உலர்த்தியோ எத்தனாலில் இட்டோ அனுப்புங்கள். உயிருள்ள இலையை நாட்டெல்லை தாண்டி அனுப்பவே கூடாது.

கோடுகள் குறுகியவை, நரம்புக்குள் அடங்கியவை, செடி உருமாறுவதில்லை

மக்காச்சோளத்தில் 3 முதல் 7 மி.மீ. அகலக் கோடுகள், நரம்பை மீறாமல் நேர்விளிம்போடு, மஞ்சளாகத் தொடங்கிச் செம்பழுப்பாக மாறினால் அது பழுப்புக்கோட்டு அடிச்சாம்பல்: ஸ்கிளிரோப்தோரா ரேசியே, ஜியே ரகம். 1967-ல் பாயக்கும் ரென்ஃப்ரோவும் விவரித்தது. இமயமலை அடிவாரமும் தராய்ப் பகுதியும் இதன் வீடு. குருத்து வழியாகப் பரவாது. பாதி இலை அறிகுறியோ கதிர் உருமாற்றமோ வராது. தெற்கே இப்படிக் கோடு கண்டால் முதலில் இலைக்கருகல், பாக்டீரியக் கோடு இரண்டையும் விலக்கிவிட்டுப் பின் இதை நினையுங்கள்.

கதிர் வரவேண்டிய இடத்தில் இலை

பச்சைக்கதிர் என்று பேர். மணி பிடிக்க வேண்டிய பூவின் உறுப்புகள் இலைகளாக நீண்டுவிடும். இது நோய்ப்பெயர் இல்லை, வெறும் அறிகுறி. எந்தப் பயிர் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

கம்பிலும் தினையிலும் ஸ்கிளிரோஸ்போரா கிராமினிகோலா. கதிரின் கீழ்ப்பாதி இலையாகி மேல்பாதியில் மணி பிடித்திருப்பதும் உண்டு. இலை கிழிந்து பழுப்புத்தூள் உதிரும், விடியலில் வெண்பூசணம் தாராளமாகப் பூக்கும். கம்பிலிருந்து எடுத்தது தினையைப் பொதுவாகத் தாக்காது. பெயர் ஒன்று என்பதற்காகத் தினை வயலைக் குற்றம் சொல்ல வேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் எச்.பி.3 போன்ற வீரிய ஒட்டுக் கம்பை இந்தியாவில் சாய்த்த நோய் இதுதான்.

கேழ்வரகில் ஸ்கிளிரோப்தோரா மேக்ரோஸ்போரா. செடி குட்டையாகப் புதர்போல நிற்கும், கதிர் தூரிகைபோலச் சிலிர்த்துக்கொள்ளும். மக்காச்சோளத்தில் இதே கிருமி ஆண்பூங்கொத்தை இலைக்குவியலாக மாற்றும். இங்கே வெண்பூசணத்தைத் தேடி ஏமாறுபவர்கள் அதிகம். இதன் காம்பு மிகக் குட்டை, கண்ணுக்குத் தெரியாது. நோயுள்ள இலைத்துண்டை நல்ல நீரில் ஓரிரவு மிதக்கவிட்டுக் காலையில் விளிம்பைப் பாருங்கள்: 60 முதல் 100 மைக்ரான் நீளத்தில் எலுமிச்சை வடிவ ஸ்போராஞ்சியம். மற்ற எல்லா அடிச்சாம்பல் வித்தையும்விடப் பெரியது, தவறவே விடமாட்டீர்கள். ஊஸ்போரும் பெரிது, 45 முதல் 75 மைக்ரான். நரம்புக்கட்டுகளை ஒட்டி இருப்பதால் இலை நாராகக் கிழியாது. விவசாயியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பயிர் நாலஞ்சு இலையில இருந்தப்போ தண்ணி நின்னுச்சா?" ஒன்றிரண்டு நாள் நீர் நின்ற பள்ளத்தில் மட்டும் நோய் இருந்தால் பதில் வந்தாயிற்று.

கட்டாயம் விலக்க வேண்டியது தலைக்கரிப்பூட்டை. அதிலும் மக்காச்சோளப் பூங்கொத்து இலையாகும். உருமாறிய பகுதியைக் கிழித்துப் பாருங்கள். கையில் கரித்தூள் ஒட்டினால் அது கரிப்பூட்டை.

எதிலும் அடங்காத புல்

களையாக நிற்கும் புற்களில் வரும் அடிச்சாம்பல் எல்லாம் இந்த மூன்றில் அடங்காது. கிராமினிவோரா, வியனோட்டியா, போவாகடெஸ்தியா என்று சிறு பேரினங்கள் உண்டு. முன்பு பிரிமியா, பிளாஸ்மோபாரா என்று எழுதப்பட்டவை. காம்பு கிளைக்கும் முறை வேறாகத் தெரிந்தால் வலிந்து பழைய பெயரில் திணிக்காமல், புல்லின் பூங்கொத்தோடு சேர்த்து அழுத்தி உலர்த்தி வையுங்கள். புல் எதுவென்று தெரியாமல் கிருமியின் பெயர் கிடைக்காது. பூங்கொத்து இல்லாமல் புல்லின் பெயர் கிடைக்காது.

பெயர் கிடைத்தபின்

சோர்கைக்கும் கம்பின் கிராமினிகோலாவுக்கும் விதைநேர்த்தியே முதல் காப்பு: கிலோ விதைக்கு மெட்டலாக்சில் 35 சதத் தூள் 6 கிராம். முதல் மூன்று நான்கு வாரத்துக்குத்தான் அதன் பாதுகாப்பு; மக்காச்சோளம் எளிதில் பிடிபடும் காலமும் அதுவே. விதைத்த 20-ஆம் நாளில் நோய் தெரிந்தால் மெட்டலாக்சில், மாங்கோசெப் கலவை எக்டேருக்கு 1 கிலோ தெளிக்கலாம். மருந்து கேட்கவில்லையென்றால் பெயர் தப்பா என்று மறுபடி பாருங்கள். பெயர் சரியென்றால் எதிர்ப்புத்திறன் வந்திருக்கலாம். டெக்சாஸில் சோர்கை இப்படி மெட்டலாக்சிலைத் தாங்கிக்கொண்டது 2000-களின் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. நோய்ச்செடியை இலை கிழியுமுன் பிடுங்கி எரியுங்கள். குப்பைக்குழியில் போட்டால் ஊஸ்போர் எருவோடு வயலுக்கே திரும்பும்.

மேக்ரோஸ்போராவுக்கு வடிகால்தான் முதல் வைத்தியம். நாற்றங்காலையும் இளம்பயிரையும் நீர் தேங்கும் பள்ளத்தில் வைக்காதீர்கள். பாத்தியின் கடைமடையில் நீர் வெளியேற ஒரு வாய் வெட்டிவிடுங்கள். அதைச் செய்யாமல் தெளிக்கும் மருந்துக்குச் செலவழிக்க வேண்டாம்.